டிராக்டர் இழுக்கும்... நிற்குமா? பெரிய டிப்பர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்து ஒரு வாசகர் போன் செய்தார். மூன்று ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் நெல். சொந்தமாக 42 எச்.பி. டிராக்டரும், 3 டன் ஏற்றும் இரண்டு சக்கர டிப்பரும் வைத்திருக்கிறார். அவருடைய கேள்வி இதுதான்.

"சார், பக்கத்து ஊர்ல ஒருத்தர் 5 டன் டிப்பரை விற்கிறார். விலை படிஞ்சு வருது. வண்டியை மாட்டி, லோடோட கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தேன். நல்லா இழுக்குது. நகைக்கடன் போட்டு வாங்கிடலாமா? சீசன்ல நடை பாதியா குறையுமே?"

"ரெண்டு நாள் பொறுங்க ஐயா, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். இதே கேள்வியோடு பலர் இருப்பீர்கள் என்பதால் அந்தக் கணக்கை இங்கேயே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். ஏரிக்கரை மேட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பாதி மேட்டில் கியர் மாற்ற நிறுத்திய ஓட்டுநர், மறுபடி கிளட்சைச் சட்டென்று விட்டார். முன்சக்கரம் இரண்டும் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கின. அவர் கிளட்சை மிதித்ததால் முன்பக்கம் 'தொம்' என்று கீழே விழுந்தது. ஆனால் கிளட்ச் மிதிபட்டதும் லோடு வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கரையில் இருந்து சரித்துவிட்டது. அவர் குதித்துவிட்டார். உயிர் தப்பியது, வலது கால் தப்பவில்லை. அன்று காலையில் அதே வண்டி அதே மேட்டில் இரண்டு நடை சிக்கலில்லாமல் ஏறியிருக்கிறது. மூன்றாவது நடையில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

'இழுக்குது' என்பது பதில் அல்ல

டிராக்டர் இன்ஜினுக்கு இழுப்பது பெரிய வேலையே இல்லை. தார் ரோட்டில், சமதரையில், 1 டன் எடையுள்ள டிரெய்லரை உருட்ட ஏறக்குறைய 20 கிலோ இழுவை போதும். கெட்டியான மண் பாதையில் 40 முதல் 50 கிலோ தேவைப்படும். உழுத நிலம், ஈரவயல் என்றால் 100 முதல் 150 கிலோ, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மேடு வந்தால் இதோடு இன்னொரு பாரம் சேரும். 10 அடிக்கு 1 அடி ஏறும் மேட்டில், ஒவ்வொரு டன்னுக்கும் 100 கிலோ இழுவை கூடுதலாக வேண்டும்.

சின்ன கியரில் போட்டால் 42 எச்.பி. டிராக்டர், 7 டன் பாரத்தையும் அந்த மேட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றிவிடும். எனவே வாசகர் சொன்னது உண்மை, வண்டி இழுக்கத்தான் செய்யும். சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி மூன்று: இழுக்குமா? திரும்புமா? நிற்குமா? முதல் கேள்விக்கு இன்ஜின் பதில் சொல்லும். அடுத்த இரண்டுக்கும் டிராக்டரின் எடையும் பிரேக்கும்தான் பதில் சொல்ல வேண்டும்.

கொக்கியில் விழும் எடை

இரண்டு சக்கர டிரெய்லரில், பாரத்தின் ஒரு பகுதியை டிராக்டரின் பின்பக்கக் கொக்கி சுமக்கிறது. பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழுவது போல ஏற்றினால் ஓட்டம் நன்றாக இருக்கும். 7 டன் என்றால் 700 கிலோ. நாலு சக்கர டிரெய்லரில் பாரம் முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். கொக்கிக்கு வருவது இழுவை மட்டும்தான்.

நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரியைக் கவனித்திருப்பீர்கள். முன்வண்டியின் முதுகில், பின் அச்சுக்கு மேலேயே ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதன்மீதுதான் பெட்டியின் முன்பாகம் உட்காரும். பாரம் அச்சின்மேல் நேராக இறங்குவதால் முன்சக்கரம் தூக்காது. அமெரிக்காவில் பெரிய பண்ணைக்காரர்கள் பிக்கப் வண்டியின் பின்பெட்டிக்குள் கொக்கியை வைத்து நீண்ட டிரெய்லர்களை இழுப்பதும் இதே முறையில்தான்.

டிராக்டரில் அந்த வசதி இல்லை. கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் டிராக்டர் ஓர் ஏற்றப்பலகை போல ஆகிவிடுகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 6 அடி, கொக்கி பின் அச்சில் இருந்து 2 அடி பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் 3 கிலோ இறங்கினால் முன்சக்கரத்தில் 1 கிலோ குறையும். இது நின்றுகொண்டிருக்கும்போது. இழுக்கும்போது இன்னும் குறையும். கொக்கி தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால், ஒவ்வொரு 4 கிலோ இழுவைக்கும் முன்சக்கரத்தில் 1 கிலோ குறையும்.

வாசகரின் வண்டிக்குக் கணக்கு

டிராக்டர் எடை 2,000 கிலோ. முன்சக்கரங்களில் 750, பின்சக்கரங்களில் 1,250. ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டும் என்றால் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இங்கே அது 400 கிலோ.

பழைய டிப்பர்: வெற்று எடை 1 டன், லோடு 3 டன், மொத்தம் 4 டன். கொக்கியில் 400 கிலோ. 10 அடிக்கு 1 அடி ஏறும் தார் ரோட்டு மேட்டில் இழுவை 480 கிலோ.

கொக்கி எடையால் முன்பக்கம் குறைவது 133 கிலோ. இழுவையால் குறைவது 120 கிலோ. டிராக்டரே மேட்டில் சாய்ந்து நிற்பதால் குறைவது ஏறக்குறைய 83 கிலோ. மூன்றையும் கழித்தால் முன்சக்கரத்தில் மிஞ்சுவது 414 கிலோ. அதாவது, பழைய டிப்பரே இந்த மேட்டில் எல்லையில்தான் நிற்கிறது.

புதிய டிப்பர்: வெற்று எடை 2 டன், லோடு 5 டன், மொத்தம் 7 டன். கொக்கியில் 700 கிலோ. அதே மேட்டில் இழுவை 840 கிலோ. கொக்கி எடையால் 233, இழுவையால் 210, சாய்வால் 83 குறையும். மிஞ்சுவது 224 கிலோ. மேடு ஏறும்போது லோடு பின்னால் சாய்வதால் கொக்கி எடை கொஞ்சம் குறையும். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் முன்சக்கர எடை 300 கிலோவை எட்டாது. ஒரு பள்ளம் வந்தாலும், கிளட்சைச் சட்டென்று விட்டாலும் முன்பக்கம் மேலே போய்விடும். டிராக்டர் பின்னால் மல்லாந்து விழ ஒன்று, ஒன்றரை நொடிதான் ஆகும். குதிக்கக்கூட நேரம் இருக்காது.

நாலு சக்கரம் போட்டால்?

கொக்கியில் எடை விழாது, முன்சக்கரம் அவ்வளவு தூக்காது. ஆனால் இன்னொரு பக்கம் அடி விழுகிறது. நம் டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். அந்தப் பின்சக்கரத்தை ரோட்டில் அழுத்திப் பிடிப்பது எடைதான். எடை குறைவாக இருந்தால் பிரேக் பிடித்ததும் டயர் தேய்த்துக்கொண்டு போகும்.

காய்ந்த தார் ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி 7 மீட்டர் போய்விடும்.

* வெறும் டிராக்டர்: மொத்தம் ஏறக்குறைய 15 மீட்டரில் நிற்கும்.
* 7 டன் இரண்டு சக்கர டிப்பரோடு: ஏறக்குறைய 25 மீட்டர்.
* பிரேக் இல்லாத 7 டன் நாலு சக்கர டிரெய்லரோடு: 40 மீட்டர்.

இது சமதரையில். 10 அடிக்கு 1 அடி இறங்கும் இறக்கத்தில் 2 டன் டிராக்டரும் 7 டன் டிரெய்லரும் சேர்ந்து 900 கிலோ விசையோடு கீழே தள்ளும். பின்சக்கர பிரேக் பிடித்து நிறுத்தும் விசை 640 கிலோ அளவுதான். சக்கரம் உருளும் தடையாக 180 கிலோவைச் சேர்த்தாலும் 820. வண்டி நிற்காது, வேகம் கூடிக்கொண்டே போகும். நடுவில் லேசாக வளைத்தாலும் டிரெய்லர் பக்கவாட்டில் வந்து டிராக்டரை மடக்கிப் போட்டுவிடும். இரண்டு சக்கர டிப்பர் அந்த இறக்கத்தில் நிற்கும் என்றாலும், 50 மீட்டருக்கு மேல் ஓடிய பிறகுதான் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும் இடம் என்றால் 50 மீட்டர் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனவே டிராக்டரின் எடையைவிட டிரெய்லரின் மொத்த எடை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது என்றால், டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் ரோட்டில் இறக்க வேண்டாம் என்பது என் யோசனை. மேடு, இறக்கம் உள்ள ஊர் என்றால் அதற்குக் குறைந்த எடைக்கும் பிரேக் வேண்டும்.

எடைமேடையில் 10 நிமிடம்

மேலே நான் சொன்ன எடைகள் உதாரணம்தான். உங்கள் வண்டிக்கு நீங்களே அளக்க வேண்டும். நெல் மண்டி, கரும்பு ஆலைப் பக்கம் உள்ள எடைமேடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். நான்கு முறை எடை போட்டால் போதும்.

1. டிராக்டரை மட்டும் முழுதாக மேடையில் ஏற்றுங்கள். இது டிராக்டரின் எடை.
2. முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க, பின்சக்கரங்கள் வெளியே சமதளத்தில் நிற்கட்டும். இது முன் அச்சு எடை.
3. லோடு ஏற்றிய டிரெய்லரை மாட்டி, டிராக்டர் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்துங்கள். இந்த எடையில் முதல் எடையைக் கழித்தால் வருவது கொக்கி எடை.
4. டிரெய்லரை மாட்டியபடியே முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்துங்கள். முன்பக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சமதரையிலேயே இது டிராக்டர் எடையில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே வந்தால், மேட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

மேட்டை அளப்பதும் எளிது. 10 அடி நீளக் கழியை மேட்டுப் பாதையில் வைத்து, மேல்முனை தரையைத் தொட்டிருக்க, மேலே ரசமட்டம் வைத்துக் கழி மட்டமாகும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள உயரம் 1 அடி என்றால், அது நாம் கணக்குப் போட்ட மேடு.

பெட்டியின் அளவைப் பார்த்து எடையை முடிவு செய்யாதீர்கள். 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் மணல் ஏறக்குறைய நாலரை டன் வரும். அதே 100 கன அடியில் நெல் ஏற்றினால் 1.6 டன்தான். நெல்லுக்குப் பலகை வைத்து உயர்த்திய பெட்டியில், வீடு கட்ட எம்-சாண்ட் நிரப்பிக்கொண்டு வருவதுதான் பல விபத்துகளின் தொடக்கம்.

செய்ய வேண்டியவை

* முன் வெயிட்: முன் அச்சுக்கு 2 அடி முன்னால் 100 கிலோ மாட்டினால், முன்சக்கரத்தில் 133 கிலோ கூடும். டிராக்டர் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் மாட்டக் கூடாது. இது ஸ்டியரிங்குக்கு உதவும், பிரேக்குக்கு உதவாது.
* கொக்கியின் இடம்: கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். மேல் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பது, டிராக்டரை நாமே பின்னால் கவிழ்ப்பதற்குச் சமம்.
* பிரேக் மிதி: வயலில் திரும்ப இடது, வலது பிரேக்கைத் தனித்தனியாக மிதிக்கிறோம். ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். மறந்தால், அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும்.
* இறக்கம்: எந்த கியரில் ஏறுமோ, அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாட்டு.
* பின், சங்கிலி: கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசி கட்டாயம். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டுங்கள்.
* இரவு: டிரெய்லரின் பின்னால் சிவப்பு ஒளிர் பட்டையும் எரியும் விளக்கும் இருக்க வேண்டும். கரும்புத் தோகை அவற்றை மறைக்கக் கூடாது.
* ஆட்கள்: இழுவைக் கட்டையிலும் மட்கார்டிலும் லோடின் மேலும் யாரும் உட்காரக் கூடாது. நம் ஊர்களில் பெண்களும் பிள்ளைகளும் உயிரை விடுவது பெரும்பாலும் அங்கே உட்கார்ந்துதான்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கரும்பு நடையில் மிச்சம் பிடித்த டீசல் காசு ஒரே நாளில் போய்விடும்.

வாசகர் கேள்விகள்

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருக்கிறேன். எனக்கும் இதே கணக்குதானா?

கணக்கு முறை ஒன்றுதான், எண்கள் மாறும். அந்த டிராக்டர்களில் முன் அச்சு கனமாக இருக்கும் என்பதால் முன்பக்கம் எளிதில் தூக்காது. ஈரவயலில் இருந்து லோடு எடுக்கவும் நன்றாக உதவும். ஆனால் 7 டன்னை நிறுத்தும் வேலை அப்படியேதான் இருக்கிறது. எடைமேடைக்குப் போய் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொக்கியில் பாரம் விழக் கூடாது என்று, லோடைப் பின்பக்கமாக ஏற்றலாமா?

கூடாது. இரண்டு சக்கர டிப்பரில் பின்பாரம் அதிகமானால் கொக்கி மேல்நோக்கி இழுக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பு இழக்கும், பிரேக்கும் பிடிக்காது, வேகத்தில் டிப்பர் வால் ஆட்டும். பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருப்பதே சரி. அதைத் தாங்காத டிராக்டர் என்றால் மொத்த லோடைத்தான் குறைக்க வேண்டும்.

ஒரே டிராக்டரில் இரண்டு டிரெய்லர் மாட்டிக் கரும்பு கொண்டுபோகிறார்களே?

பார்க்கிறோம். பின்னால் உள்ள டிரெய்லர் எங்கே வருகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. பிரேக் பிடித்தால் முதலில் மடங்குவதும் அதுதான். மற்றவர் செய்கிறார் என்பதால் நாமும் செய்ய வேண்டியதில்லை.

பழைய டிரெய்லர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பதிவுச் சான்று. பிறகு இழுவைக் கட்டையின் வெல்டிங்கில் விரிசல், மறுவெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். கொக்கிப் பின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கக் கூடாது. சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆட்டிப் பார்த்தால் பேரிங் நிலை தெரியும். பட்டை விட்டுப்போயிருக்கிறதா, டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கள்ளக்குறிச்சி வாசகருக்கு...

ஐயா, நீங்கள் ஆலைக்குப் போகும் வழியில் ஒரு ஏரிக்கரை மேடும், ஊருக்குள் இறங்கும் ஒரு பாலமும் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த வழிக்கு, பிரேக் இல்லாத 5 டன் டிப்பர் உங்கள் டிராக்டருக்குப் பொருந்தாது. விலை படிந்து வருகிறது என்பதற்காக நகையை வைக்க வேண்டாம்.

பெரிய டிப்பர்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. பழையதை விற்றுவிட்டு, தனி பிரேக் உள்ள நாலு சக்கர டிரெய்லராகப் பார்த்து, முன் வெயிட்டும் மாட்டி, 4 டன் லோடோடு நிறுத்திக்கொள்வது ஒன்று. மேட்டு வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போக முடியுமா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டும் முடியாது என்றால், இருக்கிற 3 டன் டிப்பரில் கூடுதல் நடை அடியுங்கள். மூன்று ஏக்கர் கரும்புக்கு அந்தக் கூடுதல் டீசல் எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அதே தாளின் மறுபக்கத்தில் நகைக்கடன் வட்டி, டயர் தேய்மானம், கிளட்ச் பிளேட் செலவை எழுதுங்கள்.

சீசனில் வண்டியை ஓட்டப்போவது உங்கள் மகன் என்றும் சொன்னீர்கள். எடைமேடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எண்களை அவரே எழுதட்டும்.